உபகாரச் சம்பள ஏட்டில் ஒரு குடும்பம்

‘நஸபு’ எனும் வம்சாவளிக் கலையை அரபு மக்கள் பெருமைக்காக வளர்த்தனர். அதனைக் குடும்பங்களுக்குப் படியளக்கும் கருவியாக்கியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மானியம் வழங்கக் கருதியபோது, வம்சாவளி வல்லுநர்களான அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரை அழைத்து ‘தீவான்’ எனும் பதிவேட்டை எழுதச் செய்தார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே மானியம் என்பது முதலில் இருந்த விதி. ஓரிரவு குழந்தையொன்று ஓயாது அழக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் விசாரிக்க, மானியத்தை நாடித் தாய் காலத்துக்கு முன்பே பாலை நிறுத்துகிறாள் என்பது தெரிய வந்தது. விதியை மாற்றினார்கள், பிறந்த குழந்தைக்கே பெயர் பதியலாயிற்று.

ஆக, ஏட்டில் எவர் பெயர் ஏறும், எவர் பெயர் விடுபடும் என்பதை விதியே தீர்மானிக்கின்றது. பழைய படைத்துறை ஏடுகளில் தம் முன்னோரைத் தேடுவோர் பெயரைத் தேடுமுன் விதியைப் படிக்க வேண்டும். இதற்கு நாம் அறிந்தவற்றுள் விரிவான சான்று அமெரிக்காவில் இருக்கின்றது.

அந்நாட்டின் விடுதலைப் போர் 1775இல் தொடங்கி 1783இல் முடிந்தது. அதில் பொருத வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பக் கட்டுகள் (நம் பாட்டனார் காலத்தில் இதனை ‘உபகாரச் சம்பளம்’ என்பர்) ஏறத்தாழ 80,000, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகின்றன. தொடக்க கால விண்ணப்பங்கள் 1800 நவம்பர் 8ஆம் நாள் போர்த்துறை அலுவலகத்தில் பற்றிய தீயில் அழிந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பிற்காலச் சட்டங்கள் ஈன்றவை.

1818ஆம் ஆண்டுச் சட்டம், நிலையான படையில் ஒன்பது மாதம் பணியாற்றி வறுமையில் வாடுவோர்க்கு மட்டுமே உதவிற்று. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். விண்ணப்பம் மலையாய்க் குவியவே, 1820இல் சொத்துப் பட்டியலும் கேட்டனர். ஏழை வீரன் தன் பசு, பானை, உடைந்த நாற்காலி வரை எழுதிக் கொடுத்தான்; வீட்டிலிருப்போர் பெயர், வயது, நோய் யாவும் கூடவே ஏறின. சோற்றுக்குக் கவலையற்ற தோழனுக்கோ அங்கே கட்டே இல்லை! வறுமையை மெய்ப்பிக்க வேண்டாம் என்ற சட்டம் 1832இல் வருமுன் அவன் இறந்திருந்தால், இந்த ஏடுகள் அவனை அறியா. கட்டு இல்லை என்பதால் அப்படியொரு வீரனே இல்லை எனத் துணிவது பிழை.

1832ஆம் ஆண்டுச் சட்டப்படி முதியோர் நீதிமன்றத்தில் தம் சேவையைச் சொல்ல, பாதிரியார் ஒருவரும் அண்டை வீட்டாரும் அவர்தம் நம்பகத்தன்மைக்குச் சாட்சி கூறினர். ஹதீஸ் அறிவிப்பாளரை எடைபோடும் முறையை ஓதியவர்க்கு இது புதிதன்று. ஐம்பதாண்டு கடந்த நினைவு தவறும் என்பதையும் அவர்கள் அறிவர்.

ஆனால் குடும்பத்தைத் தேடுவோர்க்குப் புதையல் வீரர் கட்டில் இல்லை, விதவையர் கட்டில்தான் இருக்கின்றது. வீரன் சேவையை மெய்ப்பித்தால் போதும். விதவை திருமணத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். 1836இல், கணவரின் சேவை முடியுமுன் மணந்தவர்க்கே ஓய்வூதியம் என்றனர். அந்தக் காலவரம்பு 1838லும் 1848லும் தளர்ந்து, 1853இல் அறவே நீங்கிற்று.

1837 நவம்பரில் பென்சில்வேனியாவின் வேய்ன் வட்டார நீதிமன்றத்தில் 81 வயது மூதாட்டி ஸாரா பெஞ்சமின் வாக்குமூலம் அளித்தார். முதற்கணவர் ஆரன் ஆஸ்பர்ன், கொல்லர். தம்மைக் கேளாமலே அவர் படையில் மீண்டும் சேர்ந்ததையும், தாமும் படையோடு நடந்து துணி துவைத்ததையும், 1781இல் யார்க்டவுன் முற்றுகையில் பதுங்கு குழிகளுக்கு இறைச்சியும் ரொட்டியும் காப்பியும் சுமந்ததையும் சொன்னார். குண்டுகளுக்கு அஞ்சவில்லையா என ஜெனரல் வாஷிங்டனே கேட்டாராம். வீரர்கள் போரிடவும் வேண்டும், பட்டினியும் கிடக்க வேண்டும் என்றால் ஆகாது என்று அம்மையார் விடையிறுத்தாராம். போர் முடிந்த பின் கணவர் தம்மைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்ததையும் ஒளிக்கவில்லை. ஓய்வூதியம் கிடைத்தது.

குடும்ப மானம் கருதி இதனை மறைத்திருக்கலாகாதா எனச் சிலர் கேட்கக்கூடும். அநீதி இழைக்கப்பட்டவர் நீதிபதி முன் கூறும் முறையீடு புறம் பேசுதலில் சேராது என்பது ஃபிக்ஹு நூலோர் முடிவு. அம்மையார் மறைத்திருந்தால் இழந்திருப்பது பணம் மட்டுமன்று. யார்க்டவுன் குழிகளுக்கு ரொட்டி சுமந்த கைகள் எவருடையவை என்பதும் நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

கட்டுகளில் ‘எஸ்’ என்ற எழுத்து வீரரையும், ‘டபிள்யூ’ விதவையையும், ‘ஆர்’ தள்ளுபடியானதையும் குறிக்கும். தள்ளுபடி என்று கண்டதும் மூடி வைப்பவர் ஏமாளி. மறுக்கப்பட்டவர் மீண்டும் மீண்டும் சாட்சி தேடுவதால் உற்றார் பெயர்கள் பல அங்கேதான் சேர்ந்திருக்கும். கடைசித் தவணைச் சீட்டையும் விடலாகாது. இறந்த நாளும் மிச்சத் தொகை பெற்ற வாரிசும் அதில் காணப்படும்.

மணப் பதிவு கைவசமில்லாத விதவையர் குடும்பப் பைபிளில் பிறப்பும் மணமும் குறித்த ஏட்டைக் கிழித்து அனுப்பினர். நம் இல்லங்களிலும் கிதாபின் முதற்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாளைக் குறிக்கும் பெரியவர்கள் இருந்தனர். அவற்றுள் எத்தனையைக் கரையான் தின்றதோ! பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பத்தார் பறவையும் பூவும் வண்ணத்தில் தீட்டிய ஞானஸ்நானச் சீட்டுகளையே அனுப்பினர். அத்தாள்களுள் பல வீடு திரும்பவில்லை. தாயும் மக்களும் ஒருங்கே எழுதப்பட்ட அந்த ஏடுகள் இன்றும் வாஷிங்டன் கட்டுகளுக்குள் இருக்கின்றன.