பி53 புரதம்

பி53 உயிரணுவின் உட்கருவில் இயங்கும் ஒரு படியெடுப்புக் காரணி. டிஎன்ஏவின் குறிப்பிட்ட வரிசைகளைப் பற்றிக்கொண்டு அருகிலுள்ள மரபணுக்களைப் படியெடுக்கத் தூண்டும். உயிரணு தொடர்ந்து பெருகுவதா, நிற்பதா, தானே மடிவதா என்பது பெரிதும் இதனால் முடிவாகிறது. மனிதரில் 393 அமினோ அமிலங்கள் கொண்டது. இதன் மரபணு 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் உள்ளது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இம்மரபணு பழுதுபட்டுக் காணப்படுகிறது.

1979இல் பல ஆய்வகங்கள் தனித்தனியே இதைக் கண்டன. லண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு; பிரின்ஸ்டனில் டேனியல் லின்சர், ஆர்னால்டு லெவின்; பாரிசை அடுத்த வில்ழுயிஃபில் பியேர் மே குழுவினர் ஆகியோர் எஸ்வி40 என்னும் குரங்கு வைரஸை ஆராய்ந்துவந்தனர். வைரஸ் புரதத்தை எதிர்ப்பொருளால் பிரித்தெடுத்தபோதெல்லாம் கூடவே இன்னொரு புரதமும் வந்தது. அது வைரஸுடையது அன்று, உயிரணுவுடையது. நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர் வைரஸ் வழியே செல்லாமல், வேதிப்பொருளால் எலிகளில் உண்டாக்கிய கட்டிகளிலிருந்து இதே புரதத்தை எட்டினர். முதலில் கண்டவர் யார் என்பதில் நூல்கள் ஒரே வரிசையைத் தருவதில்லை.

அடுத்த பத்தாண்டு மிக விரிவாகப் பதிவாகியுள்ளது. கட்டி உயிரணுக்களில் இப்புரதம் மிகுந்திருந்ததால் இதுவே புற்றைத் தூண்டுகிறது என்று கருதினர். 1984இல் இதன் மரபணுவையும் ராஸ் என்னும் புற்றுத்தூண்டி மரபணுவையும் சேர்த்து இயல்பான எலி உயிரணுக்களில் செலுத்தியபோது அவை புற்றுத்தன்மை அடைந்தன. கருத்து உறுதிப்பட்டதாகத் தோன்றியது. ஆனால் பொருந்தாத செய்திகளும் வந்துகொண்டிருந்தன. எச்எல்-60 என்னும் மனித ரத்தப் புற்று உயிரணுக்களில் பி53 அறவே இல்லை. பிரின்ஸ்டனில் பிரித்தெடுத்த மரபணுப் படி உயிரணுக்களை மாற்றவும் இல்லை. படிகளின் வரிசைகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோதுதான் காரணம் புலப்பட்டது. புற்றைத் தூண்டிய படிகள் எல்லாம் பழுதானவை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மோஷே ஓரன் கையாண்ட படியில், 135ஆம் இடத்தில் அலனைன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் இருந்தது. அந்த ஒரே மாற்றம் வெப்பநிலைக்கேற்ப நடந்துகொள்வதை அவர் குழு 1990இல் காட்டியது: 37 பாகை செல்சியஸை ஒட்டி வளர்த்தால் புற்றுக்குத் துணைபோகும்; 32 பாகைக்கு இறக்கினால் அதே புரதம் பெருக்கத்தை நிறுத்திவிடும். ஒரு மூலக்கூற்றின் இரு முகங்களை ஒரே தட்டில் காட்டிய அழகிய சோதனை இது.

பழுதற்ற பி53 புற்றை அடக்குகிறது என்பதை 1989இல் லெவின் குழு நிறுவியது. அதே ஆண்டு பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைன் ஆய்வகம் பெருங்குடல் கட்டிகளில் மரபணுவின் ஒரு படி தொலைந்தும், மற்றொரு படி பழுதுற்றும் இருப்பதைக் கண்டது. லீ, ஃபிராமெனி ஆகியோர் 1969இல் விவரித்த, தலைமுறைதோறும் இளவயதிலேயே பலவகைப் புற்று தாக்கும் குடும்பங்களில் இம்மரபணுவின் பழுது பரம்பரையாக வருவது 1990இல் தெரிந்தது.

படியெடுப்புக் காரணி என்ற அடையாளம் இதன்பின் தெளிவானது. டிஎன்ஏ சேதமுற்றால் பி53 பெருகி, பி21 மரபணுவைத் தூண்டும். பி21 உயிரணுப் பகுப்பை நிறுத்தும் (1993). எம்டிஎம்2 புரதம் பி53ஐச் சிதைவுக்கு அனுப்பும். அந்த எம்டிஎம்2 மரபணுவைத் தூண்டுவதும் பி53தான். 1994இல் நிக்கோலா பாவ்லெட்டிச் குழு வெளியிட்ட பி53இன் படிக அமைப்பில், கட்டிகளில் அடிக்கடி பழுதாகும் 248, 273ஆம் அர்ஜினின்கள் டிஎன்ஏவை நேராகத் தொடுபவை என்று தெரிந்தது. பழுதின் இடம் சில வேளை அதன் காரணத்தையும் சொல்லிவிடும்: பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளத்தில் உண்டாகும் அஃப்லாடாக்சின் மிகுந்த பகுதிகளில் ஈரல் புற்றுக் கட்டிகள் பல 249ஆம் இடத்தில் பழுதுற்றவை.

பி53 எந்தச் செயலால் புற்றைத் தடுக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பகுப்பை நிறுத்துவதும் உயிரணுவை மடியச்செய்வதுமே போதுமான விளக்கம் என்று நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் 2012இல் வெளியான ஆய்வில், இத்திறன்களைப் பெரும்பாலும் இழந்த பி53 கொண்ட எலிகளும் இளவயதுக் கட்டிகளுக்குத் தப்பின. வளர்சிதை மாற்றத்தின் மீதான கட்டுப்பாடு காரணமாகலாம் என்பர். பழுதுற்ற பி53 புதிய தீய திறன்களைப் பெறுகிறதா, பழைய திறனை இழப்பது மட்டுமே கேடா என்பதும் விவாதத்தில் உள்ளது.

சீனா 2003இல் பி53 மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி அளித்தது. யானைகளில் இம்மரபணுவும் அதன் நகல்களுமாகச் சுமார் 20 உள்ளன என்று 2015இல் அறியப்பட்டது. 220ஆம் இடப் பழுதால் தளர்ந்த புரதத்தை நிலைப்படுத்தும் மருந்துகள் மனிதரில் சோதிக்கப்பட்டுவருகின்றன.