கையொப்பம் இல்லாத உடன்படிக்கை: சாத்தான் கதைமரபும் 'தி டெவில்ஸ் அட்வகேட்' திரைப்படமும்

மேலைநாட்டுக் கதைமரபில் சாத்தான் பெரும்பாலும் ஓர் ஆவணத்துடனேயே மனிதனிடம் வருகிறான். ஆதானா நகரத்துத் திருச்சபைப் பணியாளர் தியோஃபிலஸ், இழந்த பதவியைப் பெறச் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்த முறியை மரியன்னை மீட்டுத் தந்தார் என்பது இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக வழங்கிய கதை. 1587இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான ஃபவுஸ்ட் கதைநூலில் அம்முறி குருதியால் எழுதப்படுகிறது. அதனை மீட்பார் எவருமில்லை.

முறி என ஒன்று இருப்பின் அதனை எதிர்த்து வழக்காடவும் இயலும். ஸ்டீஃபன் வின்சென்ட் பெனே 1936இல் எழுதிய 'தி டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்' என்னும் சிறுகதை இதனையே கருவாகக் கொண்டது. நியூ ஹாம்ப்ஷயர் உழவன் ஒருவனுக்காக வெப்ஸ்டர் என்னும் வழக்கறிஞர் (இவர் வரலாற்று மாந்தர்) சாத்தானுடன் வாதிட்டு வெல்கிறார். 1941இல் இது திரைப்படமாகவும் வந்தது. இங்குச் சட்டம் மனிதனின் பக்கம் நிற்கிறது.

ஆண்ட்ரூ நைடர்மனின் 1990ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி, டெய்லர் ஹாக்ஃபோர்ட் 1997இல் இயக்கிய 'தி டெவில்ஸ் அட்வகேட்' இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. இதில் சாத்தானே நியூயார்க் வழக்கறிஞர் நிறுவனமொன்றின் தலைவன். பெயர் ஜான் மில்டன். 'இழந்த சொர்க்கம்' பாடிய கவிஞரின் பெயர் அவனுக்கு இடப்பட்டிருப்பது தற்செயலன்று. தலைப்பும் அவ்வாறே. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் வழங்குமுன் அவருக்கு எதிரான சான்றுகளை முன்வைக்கும் பதவியினரைச் 'சாத்தானின் வழக்கறிஞர்' என மக்கள் அழைத்தனர். 1983ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அப்பொறுப்பை வெகுவாகக் குறைத்தது. உண்மையைச் சோதிக்க மறுதரப்பை எடுத்துரைத்தவர் அவர். படத்தின் நாயகன் கெவின் லோமாக்ஸோ, தன் கட்சிக்காரரான ஆசிரியர் குற்றவாளி என உணர்ந்த பின்னரும் பாதிக்கப்பட்ட சிறுமியைக் குறுக்கு விசாரணையில் நிலைகுலையச் செய்து வெல்பவன்.

படத்தில் முறி எதுவும் இல்லை என்பதே கருதத்தக்கது. கெவினின் மனைவி மேரி ஆன் மனம் சிதைந்துவரும் வேளையில், பெரிய கொலை வழக்கிலிருந்து விலகி அவளைக் கவனிக்கலாம் என மில்டனே கூறுகிறான். கெவின் மறுக்கிறான். வழக்கைக் கைவிட்டால், நலமடைந்த பின் அவளை வெறுக்க நேரும் என்பது அவன் கூறும் காரணம். அன்பின் மொழியிலேயே தன்னலம் இங்கு வாதிடுகிறது. படத்தின் மிகக் கொடிய காட்சி இதுவே எனலாம். பிற்பகுதியின் தீயும் திரைத்தந்திரங்களும் இதற்கு ஈடாகா. மேரி ஆனின் துன்பத்தில் மில்டனுக்குப் பங்குண்டு. எனினும் விலகும் வழி திறந்தே இருந்தது.

மில்டனே கெவினின் தந்தை என வெளிப்படுத்துவது இவ்வாதத்தைச் சற்றே தளர்த்துகிறது. பேராசை குருதிவழி வந்ததாயின் தேர்வுக்கு இடம் ஏது? இறுதிக் காட்சி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. கதை முதல் வழக்கின் இடைவேளைக்கே திரும்ப, கெவின் அவ்வாசிரியருக்காக வாதிட மறுத்து விலகுகிறான். அதனால் தொழிலுரிமையையே இழக்கும் நிலை. உடனே செய்தியாளர் ஒருவர் அவனது நேர்மையைப் பெருஞ்செய்தியாக்க விழைகிறார். சிறு தயக்கத்திற்குப் பின் கெவின் இசைகிறான். அவன் அகன்றதும் செய்தியாளரின் முகம் மில்டனின் முகமாகிறது.