மொரீஷியஸ் வெள்ளிக் காசுகள்

பழைய காசு சேர்க்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது, "வித்தா எவ்வளவுப்பா தேறும்?" என்பதுதான். விலை கிடக்கட்டும். நான் தேடும் மொரீஷியஸ் தீவுக் காசுகளின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

1810-ல் அது பிரெஞ்சுத் தீவு. ஆங்கிலேயக் கப்பல்கள் சுற்றி வளைத்து நின்றன. கஜானாவில் காசில்லை, காகிதப் பணத்தை ஜனங்கள் நம்பவில்லை. பிடிபட்ட ஒரு போர்த்துக்கீசியக் கப்பலில் வெள்ளி கிடைத்தது. கவர்னர் டெகான் அதை உருக்கிப் பத்து லிவர் காசாக அடிக்கச் செய்தார். ஒரு பக்கம் முடி தரித்த கழுகு, அதன் கீழே அச்சு வெட்டிய அவெலின் என்பவரின் பெயர். கவர்னர் பெயர் கிடையாது. வேலை செய்தவன் பெயர் இருக்கிறது! அதே டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. பிடித்த படையில் நம் சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆகவே இந்தக் காசில் 1810 தவிர வேறு வருஷமே இல்லை. போலிகளும் இதில்தான் அதிகம்.

பிறகு 1820-ல் நங்கூரம் பொறித்த சில்லறை வந்தது. 1876-ல் இந்திய ரூபாயே அங்கும் நாணயமானது. ஆனால் நம்மைப்போல் அணாக் கணக்கு இல்லை. ரூபாய்க்கு நூறு சென்ட். (நமக்கு நயா பைசா வந்தது 1957-ல்தான்!) 1877-ல் வெள்ளியில் 10, 20 சென்ட் மட்டும் அடித்தார்கள். கால், அரை, முழு ரூபாய்க்கு இந்தியக் காசே ஓடியது. மொரீஷியஸின் சொந்த வெள்ளி ரூபாய் 1934-ல்தான் பிறந்தது. அதற்கு முந்தியது இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சரிபார்க்க நம் ஃபிசிக்ஸ் லேப் பாடமே போதும். 1934 ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.6 வெள்ளி. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும். 1.3 குறைந்தால் அது செம்பு-நிக்கல். அரைகுறை வியாபாரிகள் எடையை மட்டும் சரியாக வைப்பார்கள், இதில் மாட்டிக்கொள்வார்கள்.

வீட்டுப் பெட்டியில் பழைய காசு இருந்தால் விபூதி போட்டுத் துலக்காதீர்கள், தேய்த்தால் எழுத்து போய்விடும். தட்டானிடமும் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கு அது வெறும் வெள்ளி, உருக்கிவிடுவார். சந்திப்புக்கு வரும்போது அப்படியே எடுத்து வாருங்கள். தராசு நான் கொண்டுவருகிறேன்.