அமெரிக்க சரித்திரத் திருப்பங்களும் திண்டுக்கல் சீமையும்

நம் சங்கத்து இல்லங்களிலிருந்து மேல்நிலைத் தேர்வுக்குச் செல்லும் மாணாக்கர் பலர், அமெரிக்க சரித்திரத்தைக் கடமலைக்குண்டுக்கு யாதொரு தொடர்புமில்லாத தூரதேசக் கதையெனக் கொண்டு, ஆண்டுகளை மட்டும் உருப்போடுகின்றனர். 1765, 1773, 1776, 1781 என வரிசையாய் எழுதிவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று எங்ஙனம் பிறந்தது என்று வினவின் வாய் திறவார். அவர்பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

ஏழாண்டுப் போர் 1763 இல் முடிந்தபோது ஆங்கிலேயர்க்கு வெற்றி கிட்டியது, பெருங்கடனும் மிஞ்சியது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்காகும் செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றத்தார்பால் தண்ட எண்ணி, 1765 இல் முத்திரைத்தாள் சட்டம் இயற்றினர். தம் பிரதிநிதிகள் அமராத சபை தமக்கு வரி விதித்தல் முறையன்று என அவர் மறுக்கவே, மறு ஆண்டே அது நீக்கப்பட்டது.

இனி வருவதே ஊன்றி நோக்கற்பாலது. 1773 டிசம்பர் 16 இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் எறியப்பட்ட 342 பெட்டித் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியாருடையது. (நம் மேகமலைத் தேயிலையை நினைந்து மயங்கற்க, அது சீனத்துச் சரக்கு.) கம்பெனியார் அக்காலத்து நொடித்திருந்தனர். 1769 இல் ஹைதர் அலி சென்னைக்கு அருகே வந்து நின்று உடன்படிக்கை செய்வித்தார். அவர் படையெடுப்புச் செய்தி லண்டனுக்கு எட்டியபோது கம்பெனிப் பங்குகளின் விலை வீழ்ந்தது. 1770 இல் வங்காளத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. விற்காத தேயிலையோ கிடங்குகளில் குவிந்து கிடந்தது. கம்பெனியைத் தாங்குதற்கே 1773 இல் தேயிலைச் சட்டம் பிறந்தது. அந்த ஹைதர் முன்னர்த் திண்டுக்கல்லில் பௌஜ்தாராயிருந்து உயர்ந்தவர் என்பதை நம் மாணாக்கர் மறத்தலாகாது.

1776 ஜூலை 4 இல் சுதந்தரப் பிரகடனம் வெளிவந்தது. எனினும் உண்மைத் திருப்பம் 1777 இல் சாரடோகாவில் பெற்ற வெற்றியே என்பது நம் கருத்து. அதனாலன்றோ 1778 இல் பிரெஞ்சுக்காரர் துணை வந்தனர்! அவர்தம் கப்பற்படை கடல்வழியை அடைத்தமையாலேயே, 1781 அக்டோபர் 19 இல் யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. மறு ஆண்டு பென்சில்வேனியர் தம் போர்க்கப்பலொன்றுக்கு ஹைதர் அலியின் பெயரையே சூட்டி, ஆங்கிலேயர் கப்பலொன்றைப் பிடித்தனர்.

தோற்ற காரன்வாலிஸ் யாதாயினார்? 1786 இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். திப்பு சுல்தானோடு பொருது, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர் நாட்டில் ஏறக்குறையப் பாதியைப் பறித்தார். அப்பகுதியுள் அடங்கியதே திண்டுக்கல் சீமை. அதனுள் போடிநாயக்கனூர், தேவாரம் முதலிய பாளையங்களும், நம் வருஷநாட்டுப் பக்கத்துக் கண்டமனூர்ப் பாளையமும் அடங்கும். அமெரிக்காவில் தோற்றவர் ஆட்சியிலேயே நம் பள்ளத்தாக்கு கம்பெனியார் கைப்பட்டது.

இங்கும் எதிர்ப்பு எழாமலில்லை. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் பாளையங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்தார். 1800 இல் கோயம்புத்தூரில் ஆங்கிலேயர் படையைத் தாக்க முயற்சி நடந்தது. 1801 இல் அவர் தூக்கிலிடப்பட்டார். பதின்மூன்று குடியேற்றங்கள் வென்றமையும் நம் பாளையங்கள் தோற்றமையும் வீரத்தின் மிகுதி குறைவால் அல்ல. யார்க்டவுனில் வந்து நின்ற கப்பற்படை போன்றதொரு துணை விருப்பாட்சிக்கு எந்தக் கடலிலிருந்தும் வரவில்லை.