கண்ணாடிப் பெட்டியும் தாலாட்டும்

பிரெஞ்சில் 'கூவேஸ்' என்றால் அடைகாக்கும் கோழி. குறைமாதக் குழந்தையை வைக்கும் இன்குபேட்டருக்கும் அதே பெயர்தான். பள்ளியில் எனக்குக் கோழியை மட்டும்தான் தெரியும். 1979-இல் என் மூத்த மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தபோதுதான் பெட்டியைப் பார்த்தேன்.

பெயர்ப் பொருத்தம் தற்செயல் அல்ல. பாரிஸ் பிரசவ மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்தவரிடமே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880 வாக்கில் வெந்நீர்ச் சூட்டில் இயங்கும் அந்தப் பெட்டி மருத்துவமனைக்கு வந்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் 66 சதவீதம் இறந்துகொண்டிருந்தது. அது 38 ஆகக் குறைந்தது.

ஆனால் பெட்டி ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது. பிரிந்திருக்கும் தாய்க்கு நாளடைவில் குழந்தையிடம் பிடிப்பே விட்டுப்போகிறது என்று தார்னியேவின் மாணவர் பியேர் புதேன் கண்டு, தாய்மார்களே வந்து பாலூட்ட வேண்டும் என்றார். அவர் பேச்சு எல்லா இடத்திலும் எடுபடவில்லை. நியூயார்க் கோனி தீவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை இந்தக் குழந்தைகளைக் கண்காட்சியாக வைத்தார். டிக்கெட் 25 சென்ட். அந்தக் காசில்தான் பெற்றோரிடம் எதுவும் வாங்காமல் குழந்தைகளைக் காப்பாற்றினார். மருத்துவமனைகளோ தொற்றுக்குப் பயந்து பெற்றோருக்குக் கதவைச் சாத்தின.

அந்தச் சாத்திய கதவுக்கு வெளியேதான் நாங்கள் 22 நாள் நின்றோம். என் அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தாலாட்டுப் பாடுவார். "உள்ளே கேக்காது பாட்டி" என்று நர்ஸ் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

அதற்குச் சற்று முன்புதான் கொலம்பியாவின் பொகொட்டா நகரில், போதிய பெட்டிகள் இல்லாத நெருக்கடியில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு கட்டிவைக்கச் சொல்லியிருந்தார். 'கங்காரு' முறை அங்கே பிறந்தது. தாய் திரும்பி வந்தாள். பின்னாலேயே பாட்டும் வந்தது.

2013-இல் அமெரிக்காவில் ஜோவான் லோவி குழுவினர் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பெற்றோர் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்ல, அதையே தாலாட்டாக்கி மெதுவாகப் பாடினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பு, பால் சப்புவது, தூக்கம் ஆகியவற்றில் நல்ல மாறுதல் தெரிந்தது. பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. ஜெனீவா மருத்துவமனையில், ஆந்த்ரேயாஸ் வோலன்வைடர் அமைத்த இசையில் யாழ், மணி இவற்றோடு நம் பாம்பாட்டியின் மகுடியும் சேர்ந்தது. அழுத குழந்தைகள் அதிகம் அடங்கியது மகுடிக்குத்தானாம்!

இதெல்லாம் மாயமந்திரம் அல்ல. ஐந்து நாடுகளில் 213 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், பாட்டினால் தாய்-சேய் பிணைப்பு கூடியதாக எண்ணிக்கையில் தெரியவில்லை. மருந்தையும் சூட்டையும் பாட்டு ஈடு செய்யாது. ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெற்றோருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

என் மகள் பிழைத்தது பெட்டியால்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அம்மாவை அன்று பாட விட்டிருக்கலாம். குழந்தைக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் வாய் பேசாமல் நின்றிருந்த என் மனைவிக்குக் கேட்டிருக்கும்.