சைடு கொடுத்த கை

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில், இருவழியாகக் குறுகும் ஓர் இடம். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டரைப் போடுகிறது. வலப்பக்கம் திரும்ப அங்கே பாதை எதுவும் இல்லை, வெறும் கரும்புக்காடு. அப்படியென்றால் டிரைவர் என்னதான் சொல்கிறார்? "எதிர்ல ஒண்ணுமில்ல, ஏறிப் போ" என்கிறாரா, "எதிர்ல வண்டி வருது, ஏறாதே" என்கிறாரா? கள்ளக்குறிச்சிப் பக்கம் தினசரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் இரண்டு பதிலும் கிடைக்கும். இரண்டையும் சொல்கிறவர்கள் சந்தேகமே இல்லாமல்தான் சொல்வார்கள். இடது இண்டிகேட்டருக்கும் இதே கதிதான். "நான் ஓரமா போறேன், நீ போ" என்று சிலர் படிப்பார்கள், "இடப்பக்கம் திரும்பப் போறான்" என்று சிலர் படிப்பார்கள்.

இதை நம் ஊர் ஒழுங்கீனம் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போனால் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கை கிடைக்கும்.

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான முதல் பொதுச் சட்டம் 1914-ல் வந்தது. அதன் இடத்துக்கு 1939-ல் வந்த சட்டம், ஓட்டுநர் காட்ட வேண்டிய சைகைகளைத் தன் பின்னிணைப்பு அட்டவணைகளில் சேர்த்துக்கொண்டது. பிறகு 1988-ன் சட்டம். அது 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சாலை விதிகளுக்கான ஒழுங்குமுறைகளும் கூடவே வந்தன. 2017-ல் புதிய ஒழுங்குமுறைகள் வரும்வரை நடப்பில் இருந்த அவற்றில் ஐந்து கைச்சைகைகள் இருந்தன. வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழ்ப்பார்க்க வைத்து மேலும் கீழும் அசைப்பது. நிறுத்த, முழங்கையை மடக்கிக் கையைச் செங்குத்தாகத் தூக்குவது. வலம் போக, கையை நேராக நீட்டுவது. இடம் போக, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றுவது. இந்த நான்கும் ஓட்டுநர் தன்னைப் பற்றிச் சொல்பவை. ஐந்தாவது வேறு ஜாதி. வலக்கையை வெளியே நீட்டி, அரைவட்டமாக முன்னும் பின்னும் வீசினால், பின்னால் வருகிறவரைப் பார்த்து "என்னை முந்திப் போகலாம்" என்று பொருள்.

இதை வெறும் மரியாதைச் சைகை என்று நினைத்துவிடக் கூடாது. எப்போதெல்லாம் முந்தக் கூடாது என்று அதே ஒழுங்குமுறைகள் நான்கு நிலைகளைச் சொல்லின. மற்ற போக்குவரத்துக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வருமென்றால் முந்தக் கூடாது. வளைவு, மேடு போன்று முன்னால் தெரியாத இடத்தில் முந்தக் கூடாது. நமக்குப் பின்னால் வருகிறவர் நம்மை முந்தத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தால் முந்தக் கூடாது. நான்காவதுதான் வியப்பு: முன்னால் போகிறவர் முந்தலாம் என்று சைகை காட்டாதவரை முந்தக் கூடாது. விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்தக் கை அசையாத வரைக்கும் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு நியாயம் இருந்தது. இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் போகிறவருக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும். எதிரே என்ன வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த லாரியின் டிரைவர். அவர் கை அசையும்போது, பின்னால் இருப்பவர் அவருடைய கண்ணைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கிக்கொள்கிறார். தமிழ்நாட்டு டிரைவர்கள் இதற்கு 'சைடு கொடுக்கிறது' என்று பெயர் வைத்தார்கள். "ஒரு மணி நேரமா சைடே கொடுக்க மாட்டேங்கிறான்" என்ற புலம்பலில், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்ற தார்மீகக் கோபம் இருக்கும். வலப்பக்கத்துக்கு டிரைவரின் கை, இடப்பக்கத்துக்குக் கிளீனரின் கை, பஸ் என்றால் கண்டக்டரின் விசிலும் "போலாம் ரைட்"டும். வண்டி பேசியது முழுக்க மனித உடம்பால்தான்.

பிறகு விளக்குகள் வந்தன. இடையில், காரின் பக்கவாட்டிலிருந்து சின்னக் கைகாட்டி மாதிரி வெளியே நீளும் டிராஃபிகேட்டர் ஒன்றும் இருந்தது. பழைய மாரிஸ் மைனர் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மினுக்கும் இண்டிகேட்டரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 1939-ல் பியூக் விற்கத் தொடங்கியது. நம் 1988 சட்டத்தின் 121-வது பிரிவு, சைகைக்குப் பதிலாக இயந்திர அல்லது மின் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. எந்தெந்த சைகைக்கு? வலம் திரும்ப, இடம் திரும்ப, நிற்க. அவ்வளவுதான். 'முந்திப் போகலாம்' அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கென்று தனி விளக்கு எதையும் அந்தப் பிரிவு சொல்லவும் இல்லை.

குளிர்சாதனம் வந்தது, கண்ணாடி ஏறியது, வேகம் கூடியது, கை உள்ளே போய்விட்டது. ஆனால் சொல்ல வேண்டிய செய்தி அப்படியே இருந்தது. ஆகவே டிரைவர்கள் இருக்கிற விளக்கையே எடுத்துக்கொண்டார்கள். வலது இண்டிகேட்டரை 'போ' என்று படிப்பவருக்கு அது பழைய கையின் தொடர்ச்சி. கையும் வலப்பக்கம்தான் வீசியது, விளக்கும் வலப்பக்கம்தான் மினுக்குகிறது. 'வராதே' என்று படிப்பவருக்கு அது இண்டிகேட்டரின் சொந்த அர்த்தம், வலப்பக்கம் அடைபட்டிருக்கிறது என்பது. விளக்கு தன்னைப் பற்றிப் பேசுகிறதா, உன்னைப் பற்றிப் பேசுகிறதா என்பதுதான் தகராறு. மென்பொருளில் ஒரே பிட்டுக்கு இரண்டு குழு இரண்டு அர்த்தம் வைத்திருந்தால் சோதனையிலேயே அடிபட்டுவிடும். இங்கே சோதனைக்களம் நெடுஞ்சாலை.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. வலப்பக்கம் ஓட்டும் மெக்சிகோவில் லாரிக்காரர்கள் இடது இண்டிகேட்டர் போட்டு 'முந்திப் போ' என்கிறார்கள். இடப்பக்கம் திரும்பவும் அதே விளக்குதான். முகப்பு விளக்கின் கதை இன்னும் மோசம். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல், லைட் அடிப்பது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே என்றும், அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்கிறது. ஆனாலும் அங்கே பலர் 'நீங்க முதல்ல போங்க' என்றுதான் லைட் அடிக்கிறார்கள். நம் சாலையில் எதிரே வருகிறவர் டிப் அடித்தால் 'நான் நிக்க மாட்டேன், நீ ஒதுங்கு' என்று அர்த்தம்.

இந்தக் குழப்பம் உயிரை எடுக்கிற இடம் எது என்பதற்கு சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். முன்பு தேசிய நெடுஞ்சாலை 68, இப்போது 79. நான்குவழியாக மாற்றியபோது கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சின்னசேலம், ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டுவிட்டார்கள். பல வருஷம் அப்படியே கிடந்து, பிறகுதான் அகலப்படுத்தும் வேலை வந்தது. நான்குவழியில் எதிரே வண்டி வராது என்ற நிம்மதியோடு, முந்துவதற்கு யாரையும் கேட்காமல் வருகிற கார், ஊரை நெருங்கியதும் நடுத்தடுப்பு இல்லாத சாலைக்குள் நுழைகிறது. வேகமும் மனநிலையும் மாறுவதற்குள் முன்னால் ஒரு லாரி, அதில் மினுக்கும் ஒரு விளக்கு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 12 மீட்டர் பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நாம் 80. வித்தியாசம் 20 கிலோமீட்டர், நொடிக்கு 5.6 மீட்டர். பஸ்ஸின் நீளம், நம் காரின் நீளம், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி எல்லாம் சேர்த்தால் 56 மீட்டர். அதைக் கடக்கப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் நாம் 220 மீட்டர் ஓடுகிறோம், எதிரே 80-ல் வருகிறவரும் 220 மீட்டர் ஓடுகிறார். ஆக, கிட்டத்தட்ட 450 மீட்டர் காலியாக வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதி 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முந்தும் பார்வைத் தூரமாக 470 மீட்டரைத் தருகிறது. நிற்பதற்கு வேண்டிய தூரம் 120 மீட்டர்தான். 'நிறுத்திக்கொள்ளலாம்' என்று தோன்றுகிற இடத்துக்கும் 'முந்தலாம்' என்ற இடத்துக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத 350 மீட்டரைத்தான் முன்னால் போகிறவரின் விளக்கை நம்பிக் கடக்கிறோம்.

சாம்சங் 2015-ல் அர்ஜென்டினாவில் ஒரு மாதிரி லாரி செய்து காட்டியது. முன்னால் கேமரா, பின்கதவில் பெரிய திரை. எதிரே வருவது பின்னால் இருப்பவருக்கு அப்படியே தெரியும். நல்ல யோசனை. இவ்வளவு திரையும் மின்சாரமும் போட்டுச் செய்தது பழைய கையின் வேலையைத்தான்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது இலக்கணமே மாறிவிடும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சமவெளியின் சட்டம் அங்கே தாமதமாகத்தான் ஏறியது. மலைப்பாதையில் முந்துவது என்ற பேச்சுக்கே இடம் குறைவு. அங்கே சைடு கொடுப்பது என்றால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்பது. ஒழுங்குமுறையும் தெளிவு: அகலம் போதாத சரிவில், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். சரக்கு ஏற்றிய குட்டி யானையை ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஹார்ன்தான் மொழி. இரவில் இன்னும் வசதி. வண்டி வருவதற்கு முன்பே அதன் வெளிச்சம் மரங்களில் திரும்புவது தெரியும். மழை மேகம் இறங்கினால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிற புதுப் பழக்கம் இதைக் கெடுக்கிறது. நாலும் மினுக்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று சொல்ல விளக்கே மிச்சமில்லை. கீழே நாற்சந்தியில் 'நேரா போறேன்' என்பதற்கும் இதே நாலு விளக்கைப் போடுகிறார்கள். அதற்கு விதியில் எங்கும் இடமில்லை.

அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களில் கரும்பு நாலா பக்கமும் வழிந்து, டிரெய்லரின் பின்விளக்கை மூடியிருக்கும். அவற்றின் பின்னால் போகும்போது இண்டிகேட்டரின் அர்த்தத்தை விவாதிக்கிற பேச்சே எழாது. பழைய லாரி டிரைவர்கள் இளையவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஒட்டிக்கொண்டு போகாதே, பின்வாங்கு. பின்வாங்கினால் முன்வண்டியின் முதுகு சின்னதாகி இரண்டு ஓரமும் திறக்கும். சாலை இடப்பக்கம் வளையும்போது வண்டிக்கு இடப்புறமாகப் பார், எதிரே வருவது தெரியும். நேராகும்போது கொஞ்சம் வலம் சாய்ந்து பார். அப்படிப் பார்த்துக்கொண்டே போகையில் சில சமயம், கரும்புக்கு மேலே எங்கிருந்தோ, டிராக்டர்காரரின் கை வெளியே வந்து அரைவட்டம் போடுவதும் தெரியும்.