21-ஆவது கோட்டில் ஒரு பூட்டு

போன வருஷம் வீட்டு செட்டாப் பாக்ஸுக்கு ஒரு பின் நம்பர் வைத்தேன். மூன்றாவது நாளே மகள் கண்டுபிடித்துவிட்டாள் (என் பைக் நம்பர்தான், வேறென்ன!). அந்தக் கடுப்பில், இந்தப் பூட்டு முதலில் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் கனடாவில் போய் நின்றது.

1989 டிசம்பர் 6. மான்ட்ரியாலில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் 14 பெண்களைக் கொன்றான். நாட்டின் மறுகோடியில், சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இருந்த டிம் காலிங்ஸ் என்ற பொறியாளரை அந்தச் செய்தி உலுக்கியது. அவர் யோசித்துச் செய்ததுதான் வி-சிப். 1992-ல் கியூபெக்கில், தங்கையைக் கொலைக்குப் பறிகொடுத்த 13 வயது விர்ஜினி லாரிவியேர் டிவி வன்முறைக்கு எதிராகக் கையெழுத்து கேட்டாள். 13 லட்சம் பேர் போட்டார்கள்.

சிப் வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. அங்கே பழைய அனலாக் டிவியில் ஒரு ஃபிரேமுக்கு 525 கோடுகள். மேலே சில கோடுகளில் படம் வராது. அதில் 21-ஆவது கோட்டில், காது கேளாதவர்களுக்கான வசன எழுத்து ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அதே கோட்டில் நிகழ்ச்சியின் ரேட்டிங்கையும் ஏற்றிவிட்டார்கள். நீங்க வைத்த வரம்பைத் தாண்டினால் டிவி படத்தை மறைத்துவிடும். புது ஒயர் வேண்டாம், புது அலைவரிசை வேண்டாம். எஞ்சினியர்னா இப்படித்தான் யோசிக்கணும்!

இதைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கா. காரணம் இருக்கு. அங்கே செனட் கமிட்டி 1954-லேயே டிவி வன்முறையை விசாரித்தது. 1963-ல் பந்துரா, பெரியவர் பொம்மையை அடிக்கும் படத்தைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அடிப்பதைக் காட்டினார். (பொம்மையை அடிக்கிறவன் மனுஷனை அடிப்பானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) 1975-ல் மாலையில் குடும்பத்துக்கான நேரம் என்று சேனல்கள் ஒதுக்கின. அரசு நெருக்கித்தான் இது நடந்தது, பேச்சுரிமைக்கு விரோதம் என்று அடுத்த வருஷமே ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேனலை அதட்ட முடியாத அரசுக்கு, பெற்றோர் கையில் ஒரு ஸ்விட்ச் கொடுப்பது வசதியாகப் போயிற்று. 1996 பிப்ரவரி 8 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். 2000 ஜனவரியிலிருந்து 13 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள புது டிவி எல்லாவற்றிலும் சிப் கட்டாயம்.

ஆனால் ரேட்டிங் கொடுப்பது யார்? சேனல்களேதான். நம்ம ஊர் சென்சார் போர்டு மாதிரி எதுவும் கிடையாது. முதலில் வயதை மட்டும் போட்டார்கள். சத்தம் கிளம்பிய பிறகு, 1997 அக்டோபரில் வன்முறைக்கு ‘வி’ என்று தனி எழுத்தும் சேர்த்தார்கள். என்பிசி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

2001-ல் கைசர் அறக்கட்டளை கணக்கெடுத்தபோது, சிப்பைப் பயன்படுத்திய பெற்றோர் 7 சதவீதம். வீட்டு டிவியில் சிப் இருந்தவர்களில் பாதிக்கு மேல், அது இருப்பதே தெரியாதவர்கள். 2004-லும் 15 சதவீதம்தான். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கிற வசதியை எத்தனை பேர் போய் ஆன் பண்ணுவாங்க? சாஃப்ட்வேர் எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. செய்திக்கும் விளையாட்டுக்கும் ரேட்டிங்கே கிடையாது. 2001 செப்டம்பரில் அந்தக் கோபுரங்கள் திரும்பத் திரும்ப விழுந்தபோது சிப்புக்கு வேலையே இல்லை.

போன வாரம் பின் நம்பரை மாற்றினேன். இந்த முறை பைக் நம்பர் இல்லை. அன்றைக்கு ராத்திரி எட்டு மணிச் செய்தியில், நடுரோட்டில் ஒருவரை வெட்டும் சிசிடிவி காட்சியை நாலு தடவை போட்டார்கள். மகள் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்ஸ் பின் நம்பர் கேட்கவில்லை.